அந்தக் கடன் என்னுடையது இல்லை: செட்டில்மெண்ட்டுக்குச் சம்மதிப்பதா?

யாரோ ஒருவருடைய கடனை என் பெயரில் பதிவு செய்த ஒரு வசூல் கம்பெனி மேல், தென்னாப்பிரிக்காவில் நான் இருக்கும் டர்பனில் வழக்குப் போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கம்பெனி சமரசத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. ஒரு தொகை தருகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்கள். சேதி தெரிந்ததிலிருந்து போன் ஓயவில்லை. திருநெல்வேலியில் அம்மா, "கோர்ட்டு வாசப்படியெல்லாம் நமக்கு எதுக்குட்டி, குடுக்கத வாங்கிட்டுப் பேசாம இரு" என்கிறாள். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன், "விட்டுறாதீங்கக்கா, இன்னும் இழுங்க" என்கிறான். இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு ஆன்டிக்கு ஒரு கருத்து, என் வீட்டுக்காரருக்கு இன்னொரு கருத்து. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்து குடியேறியவர்களுக்கும் இது உதவும்.

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் சொன்ன தொகையையும் எழுதப் போவதில்லை. சமரசத்துக்காகச் சொல்லப்படும் தொகை, தீர்ப்பு வருவதற்கு முன் நீதிபதியின் பார்வைக்குப் போகக் கூடாது என்பது இங்கே விதி. நல்ல விதி அது. "இவ்வளவு தருகிறேன் என்று சொன்னாரே, அப்படியானால் தப்பு செய்திருக்கிறார்" என்றோ, "இவ்வளவுக்கே பேச்சுவார்த்தை நடத்தினாரே, அப்படியானால் இவருக்கு நஷ்டம் அவ்வளவுதான்" என்றோ நீதிபதி மனசில் விழக் கூடாது அல்லவா? அதை நான் மதிக்கிறேன்.

நம்மூர் பேங்கில் லோன் கேட்டால் சிபில் ஸ்கோர் பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தான். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். என்று பல கிரெடிட் பீரோக்கள், அதாவது யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் கம்பெனிகள், இருக்கின்றன. வயசானவர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஐடிசி" என்பார்கள். யாரையாவது ஐடிசியில் போட்டுவிட்டார்கள் என்றால் அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். வீட்டுக் கடன், கார் கடன், போன் கான்ட்ராக்ட், வாடகை வீடு, பணம் கையாளும் வேலை என்று எதற்குப் போனாலும் அந்த ரிப்போர்ட்தான் முதலில் பேசும். நாம் அப்புறம்தான் பேச முடியும்.

ஷால்கிராஸில் ஒரு வீடு பார்த்திருந்தோம். மேட்டில் இருக்கும் வீடு, பின்பக்கம் ஒரு பெரிய மாமரம், பிள்ளைகள் நடந்தே ஸ்கூலுக்குப் போகலாம். ஆஃபர் டு பர்ச்சேஸ் என்ற வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். இந்த ஊரில் அந்தத் தாளில் ஒரு நிபந்தனை இருக்கும்: குறிப்பிட்ட தேதிக்குள் பேங்க் பாண்ட், அதாவது வீட்டுக் கடன், கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே செத்துப்போகும். பேங்க் மாட்டேன் என்றது. தேதி போனது. வீடு இன்னொருவர் கைக்குப் போனது.

ஏன் மாட்டேன் என்றார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசிய கிரெடிட் சட்டம், 34-ஆம் எண் சட்டம், அதன் 62-ஆம் பிரிவு. கடன் மறுத்தவர், நாம் கேட்டால், மறுத்ததற்கு முக்கியமான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பீரோ ரிப்போர்ட்தான் காரணம் என்றால் எந்த பீரோ என்றும் சொல்ல வேண்டும். நான் கேட்டேன். மூன்றே வரியில் கடிதம் வந்தது. செலுத்தப்படாத கணக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது என்று. இன்றைக்கு என் வழக்கின் முதுகெலும்பு அந்த மூன்று வரிதான். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பேங்க் கையை விரித்தால், கோபப்பட்டு வெளியே வருவதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ரிப்போர்ட்டை எடுத்தேன். வருஷத்துக்கு ஒன்று இலவசம், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயர், விலாசம், நான் வேலை பார்க்கும் ஸ்கூல், என் செல் நம்பர். எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக் கணக்கு, பல வருஷமாகப் பாக்கி, இப்போது அந்தக் கடனை விலைக்கு வாங்கியிருக்கும் வசூல் கம்பெனியின் பெயரில். கணக்குத் திறந்த ஆண்டு 2008. நான் கிங் ஷாகா விமான நிலையத்தில் வந்து இறங்கியது 2012-ல். அதற்கு முன் இந்த நாட்டை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அதற்குக் கீழே, யார் யார் என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள் என்ற பட்டியல். அதே கம்பெனி, திரும்பத் திரும்ப. அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. முந்தின வருஷம் எங்கள் ஸ்கூல் ஆபீசுக்கு யாரோ போன் செய்து, "ஆர். பிள்ளை எங்களுக்குத் தர வேண்டிய பணம்" என்று செக்ரட்டரியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். தவறான அழைப்பு என்று அன்றைக்கு எல்லாரும் விட்டுவிட்டோம். ஸ்கூல் நம்பர் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? என் ரிப்போர்ட்டிலிருந்துதான்.

ஆர். பிள்ளை. டர்பனில் இந்தப் பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை, கவுண்டர், நாயுடு, மூட்லி, செட்டி என்று கொஞ்சம் குடும்பப் பெயர்களுக்குள் லட்சக்கணக்கானோர் அடங்கிவிடுகிறார்கள். இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் 13 இலக்க ஐடி நம்பர். நான் கணக்கு டீச்சர், எண்களைப் பார்த்தால் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. முதல் ஆறு இலக்கம் பிறந்த வருஷம், மாதம், தேதி. அடுத்த நான்கு இலக்கம் 5000-க்குக் கீழே என்றால் பெண், 5000-ம் அதற்கு மேலும் என்றால் ஆண். பதினொன்றாவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் குடிமகனாகாமல் நிரந்தரமாக வசிக்கும் உரிமை மட்டும் பெற்றவர். எனக்கு அங்கே 1 இருக்கிறது. கடைசி இலக்கம், முந்தின பன்னிரண்டையும் சரிபார்க்கும் எண். வழக்கில் அவர்கள் கொடுத்த தஸ்தாவேஜுகளில் ஃபர்னிச்சர் கடையின் பழைய விண்ணப்பமும் இருந்தது. கடன் வாங்கியவருடைய ஐடி நம்பரில் ஏழாவது இலக்கம் 5. ஆண். பதினொன்றாவது இலக்கம் 0. இரண்டு நம்பரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும், இது வேறு ஆள் என்று. அவர்கள் பெயரின் முதல் எழுத்தையும் குடும்பப் பெயரையும் மட்டும் வைத்துத் தேடி, கிடைத்த என் நம்பரை அந்தக் கணக்கில் ஒட்டிவிட்டார்கள்.

அந்த இன்னொரு பிள்ளையைப் பற்றியும் நான் யோசிக்காமல் இல்லை. 2008-ல் சோபாவோ கட்டிலோ வாங்கிய மனுஷர். சாதாரணக் கடனுக்கு இங்கே காலாவதி மூன்று வருஷம். காலாவதியான கடனை விற்கவோ வசூலிக்கவோ கூடாது என்று 2015 மார்ச் 13 முதல் சட்டமே இருக்கிறது. அவர் இடையில் பணம் கட்டினாரா, கடனை ஒப்புக்கொண்டாரா, தீர்ப்பு ஏதும் வந்ததா என்பதெல்லாம் அவர் விவகாரம். ஆனால் அவரையும் யாரோ துரத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது அவர் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

முதலில் கோர்ட்டுக்குப் போகவில்லை. பீரோவுக்கு எழுதினேன். கிரெடிட் சட்டத்தின் 72-ஆம் பிரிவுப்படி ஒரு பதிவு தப்பு என்று நாம் சொன்னால், அவர்கள் 20 வேலை நாட்களுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் நீக்க வேண்டும். நமக்குச் செலவு கிடையாது. நீக்கினார்கள். நிம்மதியாக மூச்சு விட்டோம். அடுத்த முறை பார்த்தபோது அது திரும்பவும் அங்கே உட்கார்ந்திருந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி போனது, மறுபடி வந்தது. முற்றத்தில் முளைக்கும் கோரைப்புல் மாதிரி, மேலே பிடுங்கப் பிடுங்கக் கீழே கிழங்கு இருந்துகொண்டே இருந்தது.

கிழங்கு எங்கே என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு முக்கியமான கேள்வி. பீரோவில் இருப்பது நகல். மூலம் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மாதாமாதம் அவர்கள் பீரோக்களுக்கு டேட்டா அனுப்பும்போது என் ஐடி நம்பரும் சேர்ந்து போகிறது. இந்தக் கம்பெனிகள் பழைய கடன்களை மூட்டையாக வாங்கி, வசூலாகாததை மூட்டையாகவே இன்னொருவருக்கு விற்கிறார்கள். மூட்டையோடு என் நம்பரும் கை மாறினால்? இன்று இவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு முடித்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து வேறொரு பெயரில் வேறொரு கம்பெனி ஸ்கூலுக்குப் போன் செய்தால் நான் யாரிடம் போவேன்?

வக்கீலம்மா சொன்ன சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனியின் வாதம்: கடன்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க ரிப்போர்ட் எடுப்பதற்குக் கிரெடிட் சட்டத்தில் இடம் இருக்கிறது. உண்மைதான், இருக்கிறது. ஆனால் நான் கடன்காரி இல்லை. என் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதே சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொல்கிறது. பாதகமான பதிவு போடுவதற்கு 20 வேலை நாட்களுக்கு முன் எனக்கு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் போன விலாசம், நான் வாழ்நாளில் போகாத ஒரு தெரு. இதற்கெல்லாம் மேலே, போபியா என்று எல்லாரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013-ன் 4-ஆம் எண் சட்டம். 2021 ஜூலை 1 முதல் எல்லா நிறுவனமும் அதன்படி நடந்தாக வேண்டும். அதன் 99-ஆம் பிரிவில், வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. பண நஷ்டத்துக்கும் கேட்கலாம், மன வேதனைக்கும் கேட்கலாம். எவ்வளவு என்பது, நியாயம் என்று கோர்ட் கருதும் தொகை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எங்கள் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது. தப்பு நடந்தது என்பதைக் காட்டிவிடலாம், காகிதம் பேசும். ஆனால் எவ்வளவு? ஷால்கிராஸ் வீட்டுக்கும் பிற்பாடு வாங்க முடிந்த வீட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், நடுவில் கொடுத்த வாடகை, இதெல்லாம் அந்த ஒரு பதிவால் மட்டுமே வந்தது என்று காட்ட வேண்டும். பேங்க் மறுத்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று அவர்கள் வக்கீல் கேட்பார். பேங்க் அதிகாரியைக் கூண்டில் ஏற்ற வேண்டி வரும். நான் ஸ்கூல் ஆபீசில் செக்ரட்டரியின் முகத்தைப் பார்க்கத் தயங்கி நின்றதற்கு என்ன விலை? அதற்கு அட்டவணை எதுவும் இல்லை.

நியூ ஜெர்சித் தம்பி "இழுங்க" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் 1970-லிருந்தே இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. ரிப்போர்ட்டை அனுமதியற்ற காரணத்துக்கு ஒருவர் வேண்டுமென்றே எடுத்தால், நஷ்டத்தை நிரூபிக்காவிட்டாலும் 100 முதல் 1,000 டாலர் வரை கேட்கலாம். ஜெயித்தால் வக்கீல் கட்டணமும் எதிர்த்தரப்பின் தலையில். தம்பி அந்த நாட்டுக் கணக்கை இங்கே போடுகிறான். ஆனால் அங்கேயும் வாசல் குறுகிவிட்டது. செர்ஜியோ ராமிரெஸ் என்பவர் 2011-ல் கார் வாங்கப் போனார். தீவிரவாதிகள், போதைக் கடத்தல்காரர்கள் இருக்கும் அரசாங்கப் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாக டிரான்ஸ்யூனியன் ரிப்போர்ட் சொன்னது. பெயரை மட்டும் பொருத்திப் பார்த்திருந்தார்கள். அவரைப் போல 8,185 பேர் சேர்ந்து நடத்திய வழக்கில், 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், யாருடைய ரிப்போர்ட் வெளியாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்கு மட்டுமே நஷ்ட ஈடு கேட்கும் தகுதி உண்டு என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. மற்ற 6,332 பேரின் கோப்பிலும் அதே அபாண்டம் எழுதித்தான் இருந்தது. அதை யாரும் இன்னும் வாங்கிப் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெயரில் யாரோ ஒரு பொய்யை எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், பெட்டி திறக்கப்படும்வரை எனக்குக் கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதை என் மனசு ஏற்க மறுக்கிறது.

இனி, செட்டில்மெண்ட்டை ஏன் லேசாகத் தள்ளிவிட முடியாது என்பதைச் சொல்கிறேன். இதைத்தான் போனில் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை.

எங்கள் வழக்கு டர்பன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கிறது. மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட் 2,00,000 ரேண்ட் வரை விசாரிக்கும், அதற்கு மேல் 4,00,000 வரை ரீஜினல் கோர்ட். 20,000-க்குள் என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் போதும், அங்கே வக்கீலே கூடாது. எங்கள் நஷ்டம் அதைத் தாண்டியது. பெரிய கோர்ட்டுகளில் பொதுவான வழக்கம், தோற்றவர் ஜெயித்தவரின் செலவைத் தர வேண்டும் என்பது. அதற்குள் ஒரு முள் இருக்கிறது. எதிர்த்தரப்பு முறைப்படி ஒரு தொகையை எழுதி முன்வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைகோர்ட்டில் அது 34-ஆம் விதி, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 18-ஆம் விதி. ஒப்புக்கொள்ள 15 நாள். நான் மறுக்கிறேன். வழக்கு நடக்கிறது. உதாரணத்துக்கு, என் தொகை இல்லை இது, அவர்கள் சொன்னது 60,000, கடைசியில் கோர்ட் கொடுப்பது 50,000. நான் ஜெயித்தவள்தான். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு அந்த மூடிய கடிதம் நீதிபதியிடம் திறக்கப்படும். "அன்றே இதைவிட அதிகம் தருகிறேன் என்றோம், வாங்கவில்லை" என்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு ஆன செலவை என் தலையில் கட்ட நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. ஜெயித்த 50,000 அதிலேயே கரைந்துபோகலாம்.

ஜெயித்தால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில்தான் வக்கீலம்மா வழக்கை எடுத்திருக்கிறார். அதற்கு 1997-ன் 66-ஆம் எண் சட்டம். வெற்றிக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, கிடைக்கும் பணத்தில் 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஆனால் நான் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலிருந்து அந்த ஒப்பந்தம் என்னைக் காப்பாற்றாது. இதைப் பலர் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் சமரசம் செய்ய வேண்டுமென்றால் வக்கீல் கோர்ட்டில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். சமரசத்தின் முழு விவரம், வழக்கை நடத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு, ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு, இப்போதே முடித்தால் தனக்கு எவ்வளவு கட்டணம், கடைசிவரை நடத்தினால் எவ்வளவு, ஏன் சம்மதிக்கச் சொல்கிறேன், இவ்வளவையும் எழுத வேண்டும். இதெல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, புரிந்து சம்மதிக்கிறேன் என்று நானும் ஒரு பத்திரம் கொடுக்க வேண்டும். வக்கீலம்மா அதன் வரைவை முன்கூட்டியே என்னிடம் காட்டினார். ஜெயிக்கும் வாய்ப்பு நன்று என்று எழுதியிருந்தார். தொகை பற்றிய இடத்தில் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் போட்டிருந்தார், இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. கம்பெனி சொன்ன தொகை கீழ் எல்லைக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது. "நீங்க வாங்கிக்கிட்டா நான் குறை சொல்ல மாட்டேன், மறுத்தாலும் கூட நிற்பேன். ஆனா அந்த இடைவெளியை நல்லா பாருங்க" என்றார். நேர்மையான மனுஷி. என் வீட்டுக்காரர் அந்தத் தாளைப் பார்த்ததும், "வாங்கிருவோம்" என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள் ஹைஸ்கூலில் இருக்கிறார்கள்.

கம்பெனியின் சமரச நோட்டீஸோடு ஒரு ஒப்பந்த வரைவும் வந்திருந்தது. அதைத்தான் நான் பல தடவை படித்தேன். முதல் பத்தி, தொகை. இரண்டாவது, கம்பெனி எந்தத் தப்பையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும், எல்லாச் சமரசத்திலும் இருக்கும் என்றார் வக்கீலம்மா. மூன்றாவது, பீரோக்களுக்கு அந்தப் பதிவை நீக்கச் சொல்லிக் கம்பெனி எழுதும். நான்காவது, நான் இந்த விவகாரத்தைப் பற்றி யாரிடமும், எப்போதும், எந்த வடிவத்திலும் பேசக் கூடாது.

நான்காவது பத்தியை மூன்றாவதோடு சேர்த்துப் படியுங்கள். பீரோவிலிருந்து நீக்குவார்கள், ஏற்கெனவே இரண்டு முறை நீக்கியதுதான். தங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கிலிருந்து என் ஐடி நம்பரை எடுப்பதாக ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடனை விற்றால் என் விவரம் போகாது என்று ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு அது திரும்ப முளைத்தால், பேங்க் மேனேஜரிடம், "இது முன்னாலும் நடந்தது, கோர்ட் வரை போனது" என்று வாய் திறந்து சொல்லக்கூட எனக்கு உரிமை இருக்காது.

இதை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது மாமா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்து, அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறை. 1860-லிருந்து 1911 வரை 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, கப்பலில் கொண்டுவந்தார்களே, அதில் அவருடைய தாத்தாவும் ஒருவர். கப்பல் பட்டியலில் தாத்தாவுக்குக் கொடுத்த நம்பரை மாமா ஒரு காகிதத்தில் எழுதி பர்சில் வைத்திருக்கிறார். தொகை எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. அவருடைய டர்பன் தமிழில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இது உன் கடன் இல்லன்னு அவன் பேப்பர்ல எழுதிக் குடுப்பானா?"

கொடுப்பதாகச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குத் தெளிவானது. தொகை குறைவா, நியாயமா என்பதில்தான் நாங்கள் இவ்வளவு நாளும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். தொகையில் நான் விட்டுக்கொடுக்கத் தயார். வக்கீலம்மாவின் கீழ் எல்லைக்கே இறங்கி வரவும் தயார். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசோடு சொல்லவில்லை, எங்களுக்குப் பணம் தேவைதான். ஆனால் என் நம்பர் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை எனக்குக் கிடைக்கும் எந்தத் தொகையும் அடுத்த வழக்குக்கான முன்பணம் மட்டுமே.

அதனால் எங்கள் பதிலில் தொகையைத் தொடவில்லை. மூன்றாவது பத்தியை முழுக்க மாற்றி எழுதியிருக்கிறோம். கம்பெனி தன் பதிவேட்டில் அந்தக் கணக்கிலிருந்து என் ஐடி நம்பர், செல் நம்பர், வேலை விவரம் அனைத்தையும் அழிக்க வேண்டும். அழித்ததை அவர்களுடைய பொறுப்பான அதிகாரி ஒருவர் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். இதற்கு முன் என் விவரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் வேண்டும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் திருத்தம் எழுதி எனக்கு நகல் தர வேண்டும். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: இந்த ஐடி நம்பர் கொண்டவருக்கும் இந்தக் கடனுக்கும் எப்போதும் தொடர்பு இருந்ததில்லை. தப்பு செய்தோம் என்று அவர்கள் எழுத வேண்டாம், அந்த ஒரு வாக்கியம் போதும். நான்காவது பத்தியில், தொகையை மட்டும் வெளியே சொல்ல மாட்டேன். பேங்க், நிதி ஆம்பட்ஸ்மேன் (கடன், பேங்க் புகார்களை விசாரிப்பவர்), தகவல் ரெகுலேட்டர் (போபியா சட்டத்தைக் கவனிக்கும் அமைப்பு) ஆகியோரிடமும், இப்படிச் சிக்கிக்கொண்ட வேறு ஒருவரிடமும் நடந்ததைச் சொல்வதைத் தடுக்கக் கூடாது.

எங்கள் வழக்கில் சமரசம் எப்படியும் கோர்ட் உத்தரவாகத்தான் பதிவாக வேண்டும், அந்தக் கட்டண ஒப்பந்தச் சட்டமே அப்படிச் சொல்கிறது. அதுவும் நல்லதற்கே. பதிவு மறுபடி முளைத்தால் நான் புதிதாக வழக்குப் போட வேண்டாம், கோர்ட் உத்தரவை மீறினார்கள் என்று நேரே போகலாம்.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒன்று. எல்லாரும் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. பீரோவிடம் 72-ஆம் பிரிவில் ஆட்சேபம் சொல்வதற்குக் காசு இல்லை. அதில் தீராவிட்டால், 2024 மார்ச் முதல் பழைய கிரெடிட் ஆம்பட், பேங்க் ஆம்பட், இன்ஷூரன்ஸ் ஆம்பட்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தேசிய நிதி ஆம்பட் அலுவலகமாகிவிட்டன, அங்கேயும் இலவசம். பெரும்பாலான விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடலாம். கோர்ட் என்று வந்துவிட்டால், வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் காலாவதியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பதில் போய்விட்டது. ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போடுவேன், தொகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடுதலாகக் கேட்க மாட்டேன். மூன்றாவது பத்தியில் பழைய வாசகமே திரும்பி வந்தால் விசாரணைக்குத் தேதி கேட்கச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரரும் இப்போது அதற்குச் சம்மதம்தான். செலவு ஆபத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டோம். பேங்க் அதிகாரிக்குச் சம்மன் அனுப்புவதற்கான தாளை வக்கீலம்மா தயாராக வைத்திருக்கிறார்.